ஒப்பித்தலா, எழுத்தறிவா?

முதலாம் ஆண்டு வகுப்பறைச் சுவரில் 247 எழுத்துகளையும் தாங்கிய அட்டை தொங்குகிறது. ஆசிரியர் கோலால் தொட்டுச் செல்ல, முப்பது குரல்களும் ஒன்றாய் எழுந்து 'க, கா, கி, கீ' என்று தொடங்கி, வரிசை தவறாமல் ஓடி முடிகின்றன. பார்வையிட வந்தோர் மனம் நிறைந்து செல்வர். அவர்கள் சென்றபின், அட்டையின் நடுவேயுள்ள 'மெ' என்னும் எழுத்தை மட்டும் தொட்டு ஒரு சிறுவனிடம் கேட்டால் என்ன நிகழ்கிறது? அவன் உதடுகள் அசைகின்றன. 'ம, மா, மி, மீ, மு, மூ' என்று தனக்குள் முணுமுணுத்துப் படியேறி வந்த பிறகே 'மெ' என்கிறான். அவன் அறிந்திருப்பது எழுத்தையன்று. அது நிற்கும் இடத்தையே. அதே எழுத்தை 'மெழுகு' என்ற சொல்லில் காட்டினால், ஏறிவரப் படியின்றித் திகைத்து நிற்கிறான். ஈராண்டு கழித்து அவனுக்கு 'மெதுநிலை மாணவன்' என்று பெயர் சூட்டிக் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். குறை அவனிடத்திலா இருக்கிறது?

'நாங்களும் இப்படித்தானே படித்தோம்' என்று வாதிடுவோர் உளர். உண்மைதான். அவ்வாறு படித்துத் தேறியவர்களே இன்று பேசுகிறார்கள். தேறாதவர்கள் பால்மரக் காட்டுக்குப் போய்விட்டார்கள்; அவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. மேலும், 247 என்னும் எண் இலக்கணத்தின் கணக்கேயன்றி ஏழு வயதுப் பிள்ளையின் கணக்கன்று. ஙகர வரிசையில் 'ங்' நீங்கலாக மற்ற எழுத்துகளைப் பிள்ளை எந்தக் கதையில் காணப்போகிறான்? 'ஙௌ' என்பதை மூக்கால் முனகி முனகிக் கழிந்த நாள்கள் திரும்பி வாரா.

மறுபுறத்தே புதுமை விரும்பிகள் நிற்கின்றனர். 'போனிக்ஸ்' எனப்படும் ஒலிவழிக் கற்பித்தல் ஆங்கில வகுப்பில் பயன் தருவதைக் கண்டு, அம்முறையின் அட்டைகளையும் சைகைகளையும் அப்படியே தமிழ் வகுப்புக்குள் கொண்டுவந்து விடுகின்றனர். ஆங்கிலத்துக்கு அம்முறை ஏன் வேண்டியதாயிற்று என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மொழியில் எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி வேறொன்று. 'எச்' என்னும் பெயரில் ஹகர ஒலியே இல்லை. 'டபிள்யூ' என்னும் பெயரில் வகர ஒலி இல்லை. 26 எழுத்துகளைக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைக் குறிக்க வேண்டிய நெருக்கடி அதற்குண்டு. சொல்லை முழு உருவமாகப் பார்த்து மனத்தில் பதிக்கும் முறை அமெரிக்காவில் ஓங்கியிருந்தபோது, ருடால்ப் பிளெஷ் 1955இல் அதனைக் கடுமையாகத் தாக்கி நூல் எழுதினார். இங்கிலாந்தில் 2006இல் வெளிவந்த ஜிம் ரோஸ் அறிக்கையும் ஒலிவழிக் கற்பித்தலையே வற்புறுத்தியது. மலேசியத் தொடக்கப் பள்ளி ஆங்கிலக் கலைத்திட்டத்தில் 2011 முதல் அதற்கு இடமளிக்கப்பட்டது. அவையெல்லாம் அம்மொழிக்கு ஏற்ற ஏற்பாடுகள். தமிழிலோ எழுத்தின் பெயரே ஒலியுமாகும். 'ப' என்று பெயர் சொல்லும்போதே பிள்ளை அதனை வாசித்தும் விடுகிறான்.

இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தால் புதுநோய்தான் வரும். 'க்' என்பது தனித்து ஒலித்தற்கு அரிதாதலின் வகுப்பில் அதனை 'இக்' என்கின்றனர். பின்னர், 'இக்' என்பதனோடு 'ஆ' சேர்ந்தால் என்ன வரும் என வினவுகின்றனர். 'இக்கா' என்று விடை சொல்லும் பிள்ளை தன் செவிக்கு நேர்மையாக நடந்துகொள்கிறான். அவனைத்தான் அதட்டுகிறார்கள்! மெய் இயங்குவதற்கு அகரம் துணைவேண்டும் என்று தொல்காப்பியர் என்றோ வகுத்துரைத்தார். ஒலிகள் நெஞ்சிலும் மிடற்றிலும் நாவிலும் இதழிலும் எவ்வாறு பிறக்கின்றன என்பதற்கெனப் பிறப்பியல் என்று ஓர் இயலே அமைத்தார். அத்தகைய நூலை உடைய இனத்தார், ஒலியைக் கற்பிக்க அயலாரின் அட்டைப் பெட்டியை விலை கொடுத்து வாங்குவது வியப்பேயாகும்.

தமிழ்ப் பிள்ளைக்கு ஒலிவழிக் கல்வி வேண்டாம் என்பதன்று இதன் பொருள். தமிழின் ஒலிவழி உயிர்மெய்யிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே. ட, ப, ம என்னும் எளிய வடிவுடைய மூன்று எழுத்துகளை முதல் வாரத்திலேயே கற்பித்து, 'ம்', 'ட்' என்னும் இரண்டு புள்ளி எழுத்துகளையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்னும் சொற்கள் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். மெய்யெழுத்தை அது காதில் தெளிவாக விழும் இடமாகிய சொல்லிறுதியில் வைத்தே காட்டல் வேண்டும்: கல், பல், மண், கண். பின்பு கல்லைக் காலாக்கலாம், பல்லைப் பாலாக்கலாம், படத்தைப் பாடமாக்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்னும் இலக்கணம் கைதட்டலாகவே பிள்ளைக்குள் இறங்கிவிடும். பெயர் பின்னால் வரட்டும்.

தமிழிலும் இடர்கள் உண்டு. ஆனால் அவை வேறிடத்தில் உள்ளன. 'கண்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. 'சட்டை, பச்சை, பஞ்சு' என்பனவும் அவ்வாறே. இவ்வேறுபாடு இடம்நோக்கி ஒழுங்காக வருவது. மெல்லின மெய்க்குப் பின் வல்லினம் மென்மையாக ஒலிக்கும். இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். இதனைச் சொற்களை அடுக்கிக் காட்டி உணர்த்தும் பாடத்தை எத்தனை வகுப்புகளில் காண முடிகிறது? 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னே நிற்கிறது, ஒலியோ பின்னே வருகிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் பிளந்து நிற்கிறது. இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டப் பழகிய பிள்ளை 'கெர' என்று வாசித்தால் அதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, றா, னா முதலியவற்றின் பழைய கோணல்களை நீக்கிற்று. உகர ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளும் இன்றும் பல வடிவினவாகவே உள்ளன. கு, சு, து என்னும் மூன்றையும் ஒரு மூச்சில் ஒப்பிக்கலாம். ஒரே நாளில் கற்பிக்கலாகாது. காலம் செலவழிக்கத் தக்க இடங்கள் இவையே.

மலேசியத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளையின் சுமை இன்னும் பெரிது. முதலாம் ஆண்டிலேயே தமிழோடு மலாயும் ஆங்கிலமும் அவன்முன் வருகின்றன. சி, ஏ, டி என்னும் மூன்று ரோமன் எழுத்துகள் மலாய்ப் பாடத்தில் 'சட்' என ஒலித்துச் சாயத்தைக் குறிக்கின்றன. அடுத்த பாடவேளையில் அவையே 'கேட்' என ஒலித்துப் பூனையாகிவிடுகின்றன. இக்குழப்பத்தினிடையே கண்டதைக் கண்டவாறு ஒலிக்கலாம் என்னும் துணிவைத் தரவல்லது தமிழ் எழுத்தாகும். அந்த ஒரு துணிவையும் அட்டைப் பாட்டால் பறிப்பது கொடுமை.

இனி ஆசிரியரின் நாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்ண அட்டை செய்வதற்கும் பாடத்திட்டம் வரைவதற்கும் பயிற்சியில் மதிப்பெண் உண்டு. ல, ள, ழ மூன்றையும் பிரித்து ஒலிக்கத் தெரியுமா என்று முதலாம் ஆண்டுக்குச் செல்லும் ஆசிரியரை யார் சோதிக்கின்றனர்? நூற்பாவை ஒப்பித்துத் தேறியவர்களிலும் 'பழம்' என்பதைப் 'பளம்' என்போர் இருக்கின்றனர். அவர்கள் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடக்கிறது. ஆசிரியர் 'பளம்' என்கிறார். பிள்ளை 'பளம்' என்று எழுதுகிறான். மறுநாள் ஏடு சிவப்புக் கோட்டோடு திரும்பி வருகிறது. கேட்டதைக் கேட்டவாறே எழுதிய அந்தப் பிள்ளை, பிழை எங்கே என்று அறியாமல் அதையே பத்து முறை திருத்தி எழுதுகிறான்.