கர்லாக்கட்டையும் மாணாக்கர் தோளும்

காரைக்காற் கடற்கரையிற் காலையில் உலாவச் செல்வோர், மீனவர் வலையைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதைக் கண்டிருப்பர். கை நீண்டு மடங்குந்தோறும் முதுகின்மேலுள்ள தோட்பட்டை எலும்பும் உடன் நகர்ந்து சுழல்வது வெறுங்கண்ணுக்கே புலனாகும். அங்கிருந்து நம் வகுப்பறைக்கு வந்தால், புத்தகத்தின்மீதும் கைப்பேசியின்மீதும் நாளெல்லாம் குனிந்து, தோள் முன்மடிந்து, மார்பு ஒடுங்கிய இளைஞர் பலரைக் காண்கின்றோம். நமது கலாசாலையின் விளையாட்டு வேளை இவர்களுக்கு என்ன செய்கின்றது? பதினொருவர் ஆடுகின்றனர், ஏனையோர் வேலியருகில் நின்று கைதட்டுகின்றனர். கைதட்டுதலும் கைக்கு ஒரு பயிற்சியே என்பாரோடு யாம் வழக்காட வரவில்லை.

உடம்பின் மூட்டுக்களுள் மிகுதியும் அசைவது தோள்மூட்டு. எளிதில் நிலைபெயர்வதும் அதுவே. புய எலும்பின் உருண்டைத் தலை ஆழமற்ற குழியொன்றிற் பொருந்தியிருக்க, நான்கு சிறு தசைகள் அதனைச் சூழ்ந்து பிடித்துக் காக்கின்றன. கையைத் தலைக்குமேல் 180 பாகை உயர்த்துங்கால், ஏறக்குறைய 120 பாகை அம்மூட்டினாலும் 60 பாகை தோட்பட்டையின் சுழற்சியினாலும் ஆவதென உடற்கூற்று நூலார் கூறுவர். கூனி அமர்ந்தார்க்கு இச்சுழற்சி தடைப்படும். வாசிப்போர் கூனியபடியே ஒருமுறையும், நிமிர்ந்து ஒருமுறையும் கையை உயர்த்திப் பார்ப்பாராக.

நம் நாட்டு மல்லர் கர்லாக்கட்டை சுழற்றியது இத்தோளைப் பேணுதற்கு மிகவும் ஏற்ற முறையாகும். கட்டை முதுகின் பின்னே தொங்கி வருங்கால் தோட்பட்டையை இழுத்து நிறுத்தும் தசைகள் உழைக்கின்றன. முன்னே வீசுங்கால் மார்புத்தசை உழைக்கின்றது. பாரம் முனையில் இருத்தலின் முன்கையும் மணிக்கட்டும் ஓய்ந்திரா. 19-ஆம் நூற்றாண்டில் இங்கு இதனைக் கண்ட ஆங்கிலப் படையினர் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களிலும் கட்டை சுழற்றல் இடம்பெற்றது. நாமோ அதனைப் பரணில் ஏற்றிவிட்டோம்.

கட்டையும் இல்லாதார்க்கு வங்கக்கடலின் அக்கரையில் ஒரு வழி உண்டு. முன்பு சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் தலைநகரிலுள்ள வாட் போ ஆலயத்தில், மூன்றாம் இராமன் என்னும் அரசன் 1836-ல் முனிவர் உருவங்கள் 80 வார்ப்பிக்க ஆணையிட்டான். கையை உயர்த்தியும், பின்னே வளைத்தும், ஒரு கையால் மற்றதை இழுத்தும் உடம்பை நீட்டும் நிலைகள் அவை. அப்பயிற்சிக்கு 'ரூசி தத் தோன்' என்று பெயர். ரூசி என்பது நம் ரிஷியே. இவற்றால் எந்நோயும் தீருமென யாம் சொல்லத் துணியோம். மடங்கிய தோள் நிமிருமாயின் அதுவே போதும்.

பயிற்றுவிப்பார் இல்லை என்பது பொருந்தாது. சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி 1920 முதல் ஆசிரியரைப் பயிற்றி வருகின்றது. அஞ்சத்தக்கது இளைஞரின் வீம்பு ஒன்றே. முதல் நாளே பெருங்கட்டையைத் தூக்குவான் தோளைக் கெடுத்துக்கொள்வான். இலேசானதை மெல்லச் சுழற்றித் தொடங்கல் வேண்டும்.

ஆகவே வரும் ஆண்டில் விளையாட்டு வேளையின் முதற் கால்மணியை ஆடவர் மகளிர் அனைவர்க்கும் இப்பயிற்சிக்கென ஒதுக்குமாறு கலாசாலைத் தலைவரை வேண்டுகின்றோம். பந்தும் மட்டையும் பின்னர் வரட்டும். கட்டை கடைய வல்ல தச்சர் நம்மூரில் இல்லாமற் போகவில்லை.