பிடுங்குவதும் என் வேலைதான்

"கன்று பிடுங்க வாருங்கள்" என்று அழைத்தால் யாரும் வரமாட்டார்கள். அதனால் அறிவிப்பில் "வாழிடப் பராமரிப்பு" என்று போட்டிருந்தோம். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை காலை, பூட்ஸும் கையுறையுமாக ஏறத்தாழ இருபது தொண்டூழியர்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒரு தாயும் மகனும். பையன் தொடக்கநிலை ஐந்து. நான் விளக்கி முடித்ததும் அவன் கேட்டான்: "இது மேங்குரோவ்தானே அக்கா? ஸ்கூல்ல நடச் சொன்னாங்க. நீங்க பிடுங்கச் சொல்றீங்க."

அம்மா அவன் தோளைத் தொட்டு அடக்கப் பார்த்தார். ஆனால் அவர் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

நியாயமான கேள்வி. 1819-இல் சிங்கப்பூரில் சுமார் 75 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். இன்று மிஞ்சியிருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அப்படிப்பட்ட ஊரில், அரசு நிலத்தில், உயிரியலாளர் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு, முளைத்து வரும் அலையாத்திக் கன்றுகளைப் பிடுங்கச் சொல்கிறேன். போதாததற்கு என் பட்டப்படிப்பு ஆய்வே அந்தக் கன்றுகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதைப் பற்றியது.

சுங்கை பூலோவுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். குழந்தைகளுக்கு முதலை காட்டவாவது. அந்தக் குளங்கள் ஒரு காலத்தில் இறால் பண்ணைகள். 1986-இல் இயற்கை ஆர்வலர்கள் அங்கே குவிந்திருந்த பறவைகளைப் பார்த்துவிட்டு, இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். 1993-இல் பூங்காவாகத் திறந்தார்கள். 2002-இல் சட்டப்படி இயற்கை வனப்பகுதி ஆனது. ஜொகூர் நீரிணையை ஒட்டிய அந்தக் கரைப் பக்கம்தான் என் வேலையும்.

அங்கே வரும் பறவைகளுக்கு இரண்டு இடம் வேண்டும். கடல் வற்றும்போது வெளிச்சேற்றில் இரங்கிப் புழு, நண்டு, சிப்பி தின்னும். கடல் ஏறியதும் அந்தச் சேறு முழுகிவிடும். அடுத்த வற்றம் வரை நின்று இளைப்பாற உள்ளே, ஆழமில்லாத, வெட்டவெளியான குளம் வேண்டும். வெட்டவெளி என்பது முக்கியம். பருந்தோ உடும்போ வருவது தூரத்திலேயே தெரியாவிட்டால் இவை அங்கே இறங்காது. கன்றுகளை நான்கைந்து வருடம் விட்டால் குளத்தின் நடுவிலேயே புதர் அடைந்துவிடும். காட்டுக்கு அது வெற்றி. சைபீரியாவிலிருந்து வரும் பறவைக்குக் கதவு சாத்திய வீடு. வழியில் அவை தங்கும் மஞ்சள் கடல் கரையிலோ, கடந்த ஐம்பது ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட சேற்றுவெளி போய்விட்டது. அங்கே போனதை இங்கே ஈடுகட்ட முடியாது. இருப்பதையாவது திறந்து வைக்கலாம்.

இதைத் திறந்து வைப்பதில் பாதி, மதகு பார்க்கிற வேலை. பலகையை எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது என்பதுதான் பல நாள் என் முழுச் சிந்தனையும். குளத்தில் தண்ணீர் கூடினால் பறவை நிற்க இடமில்லை. குறைந்தால் சேறு வெடித்துக் காய்ந்து, செடி முளைக்கும். கடல் தண்ணீர் போய்வராவிட்டால் மீனும் நண்டும் உள்ளே வராது.

வேலைக்கு வந்த முதல் வருடம் நான் ஒரு தப்பு செய்தேன். பௌர்ணமியை ஒட்டிய நாள். கடல்மட்ட அட்டவணையில் ஒரு வரி தள்ளிப் படித்துவிட்டு, பலகையை இறக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை குளம் விளிம்புவரை நிறைந்திருந்தது. வெளியேயும் கடல் ஏறிக்கொண்டிருந்தது. உப்புக்கொத்திகள் கூட்டமாக வந்தன. குளத்தைச் சுற்றின. மறுபடி சுற்றின. ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு வடக்கே போய்விட்டன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்காக உடம்பில் கொழுப்பைச் சேர்த்து, அதை எரித்தே வந்த பறவைகள். அந்த ஐந்து சுற்றுக்கும் சேர்த்து எரித்திருக்கும். எங்கே போய் நின்றன என்று எனக்குத் தெரியாது. மேலதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று என்னோடு பலகை இறக்க வந்தவர் வேதாரண்யத்துக்காரர், ஒப்பந்த ஊழியர். "உப்பளமோ இறால் குட்டையோ, தண்ணி கட்டத் தெரிஞ்சவன்தான் பொழைப்பான். பழகிடும் மேடம்" என்றார். அவர்தான் எனக்கு உப்புக்கொத்தி, உள்ளான் என்ற பெயர்களையே சொல்லிக்கொடுத்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலமும் லத்தீனும். கோடியக்கரையில் சின்ன வயதிலிருந்து பார்த்தவராம். "இங்கேயும் வந்துட்டான் பாருங்க. இவன்கிட்ட மட்டும் யாரும் பெர்மிட் கேக்கறதில்ல" என்று சிரித்தார். மதகைப் பற்றி ஏதாவது சந்தேகம் என்றால் இன்றும் அவருக்குத்தான் போன் போடுகிறேன். அவர் இப்போது துவாஸில் வேறு வேலையில் இருக்கிறார்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்? குளத்தில் நட்டிருந்த மூங்கில் கழிகளைக் காட்டினேன். கழிக்கு இந்தப் பக்கம் பிடுங்கலாம், அந்தப் பக்கம் ஒரு இலையைக்கூடத் தொடக்கூடாது. அந்தக் கழியை எங்கே ஊன்றுவது என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. வருடா வருடம் சண்டை போட்டுத்தான் முடிவு செய்கிறோம். இந்த வருடம் கடைசிக் குளம் ஒன்றைக் காட்டுக்கே விட்டுவிட வேண்டும் என்று நான் வாதாடினேன். அங்கே பறவைகள் வருவது குறைந்துவிட்டது, கன்றுகளோ மார்பளவு வளர்ந்துவிட்டன. ஒப்புக்கொண்டார்கள். ஒரு சக ஊழியர் மட்டும் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் கவலையும் தப்பில்லை. விட்ட குளத்தைத் திரும்ப எடுப்பது லேசல்ல.

அவன் யோசித்தான். பிறகு குனிந்து பிடுங்க ஆரம்பித்தான், ஒவ்வொன்றையும் வேர் அறாமல். "வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகலாமா?" என்றான். கூடாது, சட்டம் என்றேன். முகம் வாடிவிட்டது. நல்ல வேரோடு வந்தவற்றை, அலை அரிக்கும் கரைப் பகுதியில் நட்டோம். அவன் மட்டும் பதினாறு நட்டான். போன வாரம் பார்த்தேன், அந்த வரிசையில் ஏழுதான் நிற்கின்றன.

செப்டம்பர் நடுவில் தாயும் மகனும் திரும்பவும் வந்தார்கள். கடல் ஏறியிருந்த நேரம். தொலைநோக்கியை அவன் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தேன். விரலை மடக்கி மடக்கி எண்ணினான். நாற்பத்து மூன்றில் ஓர் உடும்பு கரையேற, கூட்டம் மொத்தமும் எழும்பிச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தது. முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. அம்மா மணி பார்த்தார், அவனுக்கு டியூஷனாம்.

போகும்போது கேட்டான்: "அக்கா, அந்த விட்டுட்ட குளத்தைப் பாக்கலாமா?"

டியூஷனுக்கு அன்று அரை மணி நேரம் தாமதம்.