ஆராய்ச்சி மணியும் துவக்கும்

இறக்கக்கண்டிப் பாலத்தருகே ஒரு மாலைப்பொழுதில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வினா ஒன்று தொடுத்தான். "ஐயா, காட்டோரத்தில் ஒருவன் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைத்திருக்கிறான். அதனால் எனக்கோ என் மாட்டுக்கோ இதுவரை தீங்கில்லை. ஆயினும் நான் அவன்மீது வழக்கிடலாமா?"

சிறுவன் கேட்டானாயினும், பெரிய நாடுகளின் நீதிமன்றங்களைக் கலக்கிய வினா இதுவே.

அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனின் ஆராய்ச்சி மணியை நாம் அறிவோம். கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தது. மன்னன் தன் மைந்தனையே தண்டித்தான் என்கிறது மகாவம்சம். இங்கே மணியடித்தது துயருற்ற உயிர். துயருறாத ஒருவர் மணியடிக்கலாமா என்பதே நம் கேள்வி.

அடிக்கலாம் என்றது ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். 2021இல் அது கருக்கலைப்பைத் தடுக்க ஒரு சட்டம் செய்தது. அதை நிறைவேற்றும் பொறுப்பை அரச அதிகாரிகளிடம் ஒப்படைக்காது, எந்தக் குடிமகனும் வழக்கிட்டு 10,000 டொலருக்குக் குறையாத தொகை பெறலாம் என விதித்தது. இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. ஒரு சட்டம் நடைமுறைக்கு வருமுன் அதைத் தடுக்க விரும்புவோர், அதை நிறைவேற்றும் அதிகாரியை எதிராளியாக்குவதே வழக்கம். அதிகாரியே இல்லையெனில் எவரை எதிராளியாக்குவது? அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் அச்சட்டம் தொடர்ந்து நடைமுறையில் இருக்க இடமளித்தது.

உடனே கலிபோர்னியா மாநிலம் அதே கத்தியை மறுபுறம் திருப்பிப் பிடித்தது. 2022 யூலையில் அது செய்த சட்டம், தடைசெய்யப்பட்ட தாக்குதல் துவக்குகளையும் இலக்கமிடாத துவக்குகளையும் விற்போர்மீது எவரும் வழக்கிடலாம் என்றது. துவக்கொன்றுக்கு 10,000 டொலருக்குக் குறையாத இழப்பீடு. டெக்சாஸ் சட்டம் வீழ்ந்தால் இதுவும் செயலற்றுப்போகும் என்று அதிலேயே எழுதி வைத்தனர். துவக்குச் சட்டங்களை எதிர்த்து வழக்கிட்டுத் தோற்போர் அரசின் செலவையும் கட்ட வேண்டும் என்ற பிரிவை மட்டும், 2022 டிசம்பரில் ஒரு சமஷ்டி நீதிபதி தடுத்துவிட்டார்.

நோக்கம் நன்றெனில் வழியும் நன்றாகுமா? பிரித்தானியாவிலும் முற்காலத்தில் குற்றத்தைக் காட்டி வழக்கிடுவோர்க்கு அபராதத்தில் பங்கு உண்டு. பிறர் பிழை தேடி அலைவதையே சிலர் பிழைப்பாக்கினர். 1951இல் அம்முறையை ஒழித்தனர். பணத்துக்காக அடிக்கப்படும் மணி அயலானை அயலானுக்குப் பகையாக்கும்.

நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் உரிமமின்றித் துவக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமோ, சாதாரணக் குடிமகனும் நீதவானிடம் நேரே முறைப்பாடு செய்ய வழி தருகிறது. பரிசு இல்லை; மணி உண்டு. ஆகவே மாணவனுக்கு என் விடை, "முறையிடலாம்" என்பதே.

ஆயினும் அவன் விடவில்லை. "முறையிட்டபின் எனக்கு என்ன நேரும், ஐயா?"

அவ்வினாவுக்கு என்னால் எளிதில் விடை கூற இயலவில்லை. 2006 சனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சாட்சி கூற முன்வந்தோர் அச்சுறுத்தப்பட்டனர். சிலர் நாட்டை விட்டே சென்றனர். குற்றஞ்சாட்டப்பட்ட 13 விசேட அதிரடிப்படையினரும் போதிய சாட்சியம் இல்லையென 2019 யூலையில் விடுவிக்கப்பட்டனர். இடையே, 2015இல், சாட்சிகளைக் காக்கவென ஒரு சட்டம் வந்தது. 2023இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

குடிமகனின் கையில் சட்டத்தை ஒப்படைப்பது பெரிய காரியமன்று. 10,000 டொலர் கொடுத்தும் அதைச் செய்யலாம், கொடாமலும் செய்யலாம். மணிக்கயிற்றைத் தொட்ட கை இரவில் அச்சமின்றி உறங்க வேண்டும், அதுவே அரிது. எல்லாளனின் பசுவுக்கு அந்த அச்சம் இருக்கவில்லை. நம் மாணவனுக்கும் அது இல்லாதிருக்கச் செய்வதே சட்டத்தின் முதற் கடமை.