வங்கி அதிகாரியின் கையைக் கட்டாதீர்கள்

வங்கி ஊழியரின் சலிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், நல்ல சம்பளம், நிரந்தர வேலை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். ஆனால் தனியார் வங்கிகள் சிலவற்றிலும் சிறு நிதி வங்கிகளிலும் ஆண்டுக்குச் சராசரியாக 25 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போவதாக 2023-24ஆம் ஆண்டுக்கான ரிசர்வ் வங்கி அறிக்கை சொல்கிறது. வாடிக்கையாளர் சேவை பாதிக்கப்படும், அனுபவம் கைநழுவும் என்று எச்சரிக்கவும் செய்கிறது. பொதுத்துறை வங்கிகளில் இத்தனை பேர் விலகுவதில்லை. போட்டித் தேர்வெழுதிப் பெற்ற வேலையை விட மனம் வராமல், ஈடுபாடு போன பின்னும் இருக்கையில் நீடிப்பவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை.

ஆள் பற்றாக்குறையால் மதியச் சாப்பாட்டுக்கே நேரமில்லாத கிளைகளிலும் இந்தச் சலிப்பு உண்டு. படித்த படிப்புக்கும் பட்ட அனுபவத்துக்கும் அங்கே வேலையில்லை என்பதுதான் காரணம். முன்பெல்லாம் கடன் கேட்டு வந்த வியாபாரியின் கடைக்குப் போய், சரக்கு ஓடுகிறதா என்று பார்த்து, மேலாளர் தன் பொறுப்பில் கடன் கொடுத்தார். இன்று அதிகாரி ஆவணங்களை ஸ்கேன் செய்து அனுப்புகிறார். சிபில் மதிப்பெண்ணும் கடன் செயலாக்க மையமும் முடிவு செய்கின்றன. ஏன் மறுத்தார்கள் என்று வியாபாரி கேட்டால் அதிகாரிக்கே தெரிவதில்லை. மிச்ச நேரத்துக்கு இருக்கவே இருக்கிறது காப்பீடு. நகைக்கடனுக்கு வந்த பெண்ணிடம், மதிப்பீட்டாளர் நகையை உரசிப் பார்த்து எடை போட்டு முடிப்பதற்குள் பாலிசிப் பேச்சைத் தொடங்கியாக வேண்டும். மாலையில் மண்டல அலுவலகத்தின் காணொளிக் கூட்டத்தில் "இன்றைக்கு எத்தனை?" என்பார்கள். அந்தப் பெண்ணுக்குத் தேவையில்லை என்று தெரிந்தே ஒரு பாலிசியை விற்பவர் எத்தனை நாள் மனம் ஒன்றி வேலை பார்ப்பார்?

கடனை முடிவு செய்யும் அதிகாரத்தைக் கிளை அதிகாரியிடமே திருப்பிக் கொடுத்தால் முறைகேடு பெருகும் என்பார்கள். புறந்தள்ள முடியாத கவலைதான். 2018 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் 14.6 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் அதில் பெரும்பங்கு பெருநிறுவனங்களுக்குப் போன கடன். அவை தெருமுனைக் கிளையில் முடிவானவை அல்ல. அந்தத் தவறுக்காகச் சிறு கிளை அதிகாரியின் கையைக் கட்டுவது நியாயமில்லை. கணினி வேகமானது என்ற வாதத்தையும் ஏற்கலாம். வேகமாகச் சரிபார்க்கட்டும், மதிப்பெண் குறைந்தவரை நேரில் அறிந்த அதிகாரி, ஒரு வரம்புக்குள், காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கடன் கொடுக்க இடமிருக்கட்டும். பின்னால் தணிக்கை செய்ய ஆளும் முறையும் இருக்கின்றன.

காப்பீட்டைத் தவறாக விற்காமல் வங்கிகள் தம் அடிப்படைப் பணியைக் கவனிக்க வேண்டும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2024 நவம்பரில் சொன்னார். அந்தப் பேச்சை நடைமுறைக்குக் கொண்டுவர, அதிகாரிகளின் பணி மதிப்பீட்டிலிருந்து பாலிசி டார்கெட்டை வங்கி நிர்வாகங்கள் முதலில் நீக்க வேண்டும்.