கத்தி யார் மீது?

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் வட்டாரத்தில் பகலெல்லாம் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறாள் பெண், மாலையில் அடுப்பெரிக்கிறாள், இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அறுவைக்கும் அவளே படுக்கிறாள். மிகைப்படுத்துகிறோம் என்று முகம் சுளிப்போர் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் புரட்டட்டும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பமோ 1,000-க்கு ஒன்று!

பெண்ணுக்குச் செய்தால்தான் பலிக்கும் என்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மருத்துவம் கூறுவதோ நேர்மாறு.

எந்தத் தடையுமின்றி வாழும் 100 தம்பதிகளில் ஓராண்டுக்குள் 85 பேருக்குக் கரு உண்டாகும். ‘நான் பார்த்து நடந்துகொள்கிறேன்’ என்ற கணவரின் வாக்குறுதியை நம்பினால் 20. ஆணுறையில், நடைமுறையில் 13. ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அணிந்தால் 2. நோய் தொற்றாமல் காப்பதும் அது ஒன்றுதான். மாத்திரையில் 7, ஒருநாளும் மறவாதிருந்தால் ஒருவர்கூட இல்லை எனலாம். ஓவர்டைம் முடித்து வீடு திரும்புகிறவள் ஒருநாள் மறந்துவிட்டால் அது அவள் குற்றமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மருத்துவமனையில் போடும் ‘அந்தரா’ ஊசியில் 4. காப்பர்-டி பொருத்தினால் ஒருவருக்கும் குறைவு, பத்தாண்டு பலன் தரும் வகையும் உண்டு, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். பெண்ணுக்கான அறுவையில் 1,000-க்கு 5. ஆணுக்கான அறுவையிலோ 1,000-க்கு ஒன்றிரண்டுதான்!

அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி, சில நிமிட வேலை, அன்றே வீடு. மூன்று மாதம் வேறு தடை கைக்கொண்டு, பின்னர் விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே. ஆண்மை போய்விடும் என்பது கட்டுக்கதை. கட்டப்படுவது விந்தணு செல்லும் குழாய். ஆண்மைச் சுரப்போ இரத்தத்தில் கலப்பது. இ.எஸ்.ஐ. திட்டம் பெண் தொழிலாளிக்கு 14 நாளும், ஆண் தொழிலாளிக்கு 7 நாளும் முழு ஊதியம் தருகிறது. யாருக்கு நோவு குறைவு என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது; நம் வீரர்களுக்குத்தான் தெரியவில்லை!

அறுவை செய்துகொள்வோருக்கு 1956-லேயே பணம் தந்த மாநிலம் இது. பிறகு வந்தது 1975-77 நெருக்கடிநிலை. 1976-77 ஓராண்டில் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள், பெரும்பாலும் ஆண்களுக்கு, வடநாட்டில் ஆட்களைப் பிடித்திழுத்துச் செய்த கொடுமையும் நடந்தது. அந்த ஆத்திரத்துக்கு அஞ்சிய ஆட்சியாளர்கள், எதிர்த்துப் பேசமாட்டாள் என்று பெண் பக்கம் திரும்பினர். கருத்தடை பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்று 1930-களிலேயே முழங்கினார் பெரியார். அவர் பெயரைச் சொல்லும் தோழர்களில் எத்தனை பேர் தம் மனைவிக்குப் பதிலாகத் தாம் படுத்தனர்? கேட்கக் கசக்கும், எனினும் கேட்கிறோம்.

எவரையும் வற்புறுத்தலாகாது. மேலே கண்ட கணக்கைத் தமிழிலும் உருதுவிலும் அச்சிட்டு ஷூ கம்பெனிகளிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் ஒட்டட்டும். 7 நாள் ஊதியம் உண்டென்பதைத் தொழிற்சங்கங்கள் வாயிற்கூட்டம் போட்டுச் சொல்லட்டும். பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளிடம் கையொப்பம் கேட்குமுன், மருத்துவர்கள் அவள் கணவரை உள்ளே அழைத்து அதே கேள்வியை அவரிடமும் கேட்கட்டும்.