போர் போடாம மோட்டார் வாங்குவீங்களா?

காம்பஸ்ல பாட்டுப் பைத்தியங்க நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா இப்போ ஒரே கேள்விதான். 'வீட்ல நிம்மதியா உட்கார்ந்து பாட்டு கேக்கணும் மச்சி, எந்த ஹெட்போன் ஆம்ப் வாங்கலாம்?'

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடணும் பாஸ்! திருச்செங்கோடு பசங்க யாரையாவது பிடிச்சுக் கேளுங்க. நாடு பூரா ரிக் வண்டி அனுப்பி போர் போடற ஊர் அது. அங்கே போய் 'எந்த மோட்டார் வாங்கலாம்?'னு கேட்டா, 'போர் எத்தனை அடிங்க? தண்ணி எவ்வளவு வருது?'ன்னுதான் பதில் கேள்வி வரும். ஆழம் தெரியாம அங்கே யாரும் மோட்டார் வாங்க மாட்டாங்க. ஆம்ப் விஷயமும் அச்சு அசல் அதேதான். ஹெட்போன்தான் போர். ஆம்ப் வெறும் மோட்டார்.

ஏற்கெனவே ஒரு மோட்டார் இருக்கு!

உங்க போன்ல பாட்டு வெறும் எண்களாத்தான் இருக்கு. அந்த எண்களை மின்சார அலையா மாத்தற சிப்புக்குப் பேர் டிஏசி. அந்த அலைக்குத் தெம்பு கொடுத்து, ஹெட்போனுக்குள்ளே இருக்கற மெல்லிய சவ்வை ஆட வைக்கறதுதான் ஆம்ப். போனோ லேப்டாப்போ, ஹெட்போன் சொருகற ஓட்டை எங்கே இருந்தாலும் அதுக்குப் பின்னாடி குட்டியா ஒரு ஆம்ப் உட்கார்ந்திருக்கு. ஓட்டை இல்லாத போனுக்கு வாங்கற டைப்-சி டாங்கிள்லயும் பெரும்பாலும் டிஏசி, ஆம்ப் ரெண்டும் இருக்கு.

புளூடூத் ஆசாமிகளே, உங்க சமாச்சாரம் இன்னும் ஈஸி. உங்களுக்கு ரெண்டுமே இயர்பட்ஸுக்குள்ளேயே இருக்கு. வெளியிலே இருந்து ஆம்ப் மாட்ட வழியே கிடையாது. காசு மிச்சம்! ஆனா பக்கத்தைப் புரட்டிடாதீங்க, கீழே உங்களுக்கும் ஒரு மேட்டர் இருக்கு.

ஆக, நாம கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: கையில இருக்கற மோட்டார் நம்ம போருக்குப் பத்துமா, பத்தாதா?

அட்டைப்பெட்டியைத் திருப்புங்க

ஹெட்போன் டப்பாவோட பின்பக்கம் ரெண்டு எண் போட்டிருப்பாங்க. ஒண்ணு இம்பீடன்ஸ், ஓம் கணக்கு. இன்னொண்ணு சென்சிட்டிவிட்டி. அதாவது ஒரு மில்லிவாட் கொடுத்தா எத்தனை டெசிபல் சத்தம் வரும்ங்கற கணக்கு. சில கம்பெனிகள் மில்லிவாட்டுக்குப் பதிலா ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவுன்னு போடுவாங்க. ரெண்டும் வேற வேற, குழப்பிக்காதீங்க.

ஓம் அதிகமா இருந்தா ஆழமான போர் மாதிரி. தண்ணியை உயரத்துக்குத் தள்ளணும், அதாவது வோல்ட்டேஜ் வேணும். ஓம் கம்மி, சென்சிட்டிவிட்டியும் கம்மின்னா நிறையத் தண்ணி இறைக்கணும், அதாவது கரன்ட்டும் வேணும். மீதியெல்லாம் ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச ஓம் விதிதான். பவர் 10 மடங்கானா சத்தம் 10 டெசிபல் ஏறும். வோல்ட்டேஜ் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் ஏறும். அவ்வளவுதான் சிலபஸ்!

எவ்வளவு சத்தம் தேவைன்னு முதல்ல ஒரு கோடு போட்டுக்குவோம். சாதாரணமா நாம கேக்கறது 70-லேர்ந்து 80 டெசிபல். ஆனா ஒத்தைப் புல்லாங்குழல் தனியா வாசிச்சிட்டு இருக்கும்போதே திடுதிப்புன்னு மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் எகிறும் பாருங்க, அந்தக் கண நேர உச்சத்துக்கு இடம் விடணும். 110 டெசிபல்னு வச்சுக்கிட்டா தாராளம். இப்போ மூணு போரை அளந்து பார்ப்போம்.

ஒண்ணு: காதுக்குள்ள சொருகற இயர்போன். 16 ஓம், மில்லிவாட்டுக்கு 105 டெசிபல்னு வச்சுக்குவோம். 110-ஐத் தொட இதுக்கு 3 மில்லிவாட் சொச்சம் போதும். வோல்ட்டேஜ்ல பார்த்தா கால் வோல்ட்கூட வேண்டாம். ஆப்பிளோட குட்டி டைப்-சி டாங்கிள் ஒரு வோல்ட் அளவுக்குத் தருது. (சில ஆண்ட்ராய்டு போன்ல மட்டும் அதே டாங்கிள் சத்தம் கம்மியா தரும், வாங்கறதுக்கு முன்னாடி மாட்டிப் பார்த்துடுங்க.) இந்த இயர்போனுக்குத் தனி ஆம்ப் வாங்கறது டிவிஎஸ் 50-ல நாமக்கல் லாரி இன்ஜினை மாட்டற கதை.

ரெண்டு: சென்ஹைசர் ஹெச்டி 650. ஆடியோ பிரியர்கள் உருகற ஹெட்போன். 300 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல். ஒரு வோல்ட் டாங்கிள்ல 103 வந்துடுது. 2 வோல்ட் தர்ற டாங்கிள்ல 109! '300 ஓமா? ஐயோ, பெரிய ஆம்ப் வேணுமே'ன்னு பயமுறுத்தறவங்ககிட்ட இந்தக் கணக்கைக் காட்டுங்க.

மூணு: ஹைஃபைமேன் ஹெச்இ-6. பிளேனர் வகை. வெறும் 50 ஓம்தான், ஆனா சென்சிட்டிவிட்டி 83.5 டெசிபல். 110-க்குப் போக கிட்டத்தட்ட 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர் தேவை. நம்ம இயர்போன் கேட்டதைவிட 140 மடங்கு பவர். இதுதான் ஆயிரம் அடி போர். இதுக்கு டேபிள் மேலே வைக்கற நிஜமான ஆம்ப் வாங்கியே ஆகணும்.

பார்த்தீங்களா? 300 ஓம் சமாளிச்சுடுது, 50 ஓம் படுத்தி எடுக்குது. ஓம்ஸை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாதுங்கறது இதனாலதான்.

எட்டுல ஒண்ணு

ஆம்ப் பக்கம் பார்க்க வேண்டிய எண் அவுட்புட் இம்பீடன்ஸ். ஹெட்போனோட ஓம்ஸை எட்டால வகுங்க. ஆம்போட எண் அதுக்குக் கீழே இருந்தா சேஃப். 16 ஓமுக்கு 2, 32 ஓமுக்கு 4. ஏன்னா ஹெட்போனோட ஓம் எல்லா சுருதியிலயும் ஒரே மாதிரி இருக்காது, ஏறி இறங்கும். ஆம்போட எண் பெருசா இருந்தா ஒரு இடத்துல பேஸ் வீங்கும், இன்னொரு இடத்துல ட்ரெபிள் சுருங்கும். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டற அண்ணன்கள் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் ஓம் பார்த்துத்தான் சேர்ப்பாங்க. நாம மட்டும் ஏன் ரேட்டிங் ஸ்டாரைப் பார்த்துச் சேர்க்கணும்?

கடையில ரெண்டு ஆம்பை ஒப்பிட்டுக் கேக்கும்போதும் உஷார்! எது துளி சத்தமா இருக்கோ அதுதான் 'தெளிவா' இருக்கற மாதிரி காது ஏமாத்தும். ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்துட்டுத்தான் தீர்ப்பு சொல்லணும்.

தறிச் சத்தத்துக்கு நடுவுல...

இப்போ நம்ம ஊர் மேட்டர். பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம்... விசைத்தறி ஓடற ஊர்கள். தறிக்குடோனுக்குள்ளே சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். பல பேருக்கு வீடும் குடோனும் ஒரே சுவர். அந்த வீட்டுப் பையனோ பொண்ணோ ஹெட்போன் மாட்டினா, பாட்டு தறியை ஜெயிக்கற வரைக்கும் வால்யூமை ஏத்துவாங்க. அதுவும் பத்தலைன்னா மனசு போற இடம்தான் ஆம்ப்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. அமெரிக்காவோட நியாஷ் அமைப்பு சொல்ற அளவு, 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94-ல ஒரு மணி நேரம், 100-ல வெறும் 15 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம், 12-லேர்ந்து 35 வயசுக்குள்ள 100 கோடிப் பேருக்கு மேல சத்தமாக் கேட்டே காதைக் கெடுத்துக்கற ஆபத்துல இருக்காங்கன்னு சொல்லுது. புளூடூத் ஆசாமிகளே, உங்களையும் சேர்த்துத்தான்!

வேற வழி இருக்கு. பக்கத்து அறையில தறிச் சத்தம் 70 டெசிபல்னு வச்சுக்குவோம். அதுக்கு மேலே பாட்டு தெளிவாக் கேக்கணும்னா 82-க்கு ஏத்தணும். அதே நீங்க காதை நல்லா அடைக்கற ரப்பர் முனை, இல்லைன்னா ஃபோம் முனை இருக்கற இயர்போனைப் போட்டா, வெளிச்சத்தம் 20 டெசிபல் அளவுக்குக் குறையும். தறி 50-க்கு வந்துடும். பாட்டு 62-லயே அதே தெளிவாக் கேக்கும். 20 டெசிபல்னா பவர்ல 100 மடங்கு. 100 மடங்கு பெரிய ஆம்ப் செய்யற வேலையை, சுண்டுவிரல் நுனியளவு ரப்பர் செஞ்சுடுது, அதுவும் காதை உடைக்காம!

அதனால தறிவீட்டுக்காரங்க ஹெச்டி 650 மாதிரி பின்பக்கம் திறந்திருக்கற மாடல் பக்கமே போகாதீங்க. வெளியில இருக்கறதெல்லாம் உள்ளே வரும். காதை முழுசா மூடற மாடல்னா பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மாதிரி. அதுக்கு 18 டெசிபல் தடுக்கும்னு கம்பெனியே சொல்லுது. நாய்ஸ் கேன்சலிங் ஃபேனோட ஹும், பஸ் இன்ஜினோட உறுமலை நல்லா அமுக்கும். தறியோட 'சடக் சடக்' மாதிரி வெட்டி வெட்டி வர்ற சத்தத்துல அந்த அளவுக்கு எடுபடாது.

வாங்கலாமா, கட்டலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்தும் ஆம்ப் வேணும்னே வருதா? சந்தோஷமா வாங்குங்க. குறைந்த கெயின், அதிக கெயின்னு ஸ்விட்ச் இருக்கற மாடலாப் பார்த்து, முதல்ல குறைந்த கெயின்லயே கேளுங்க. இயர்போன்ல 'உஸ்ஸ்'னு இரைச்சல் வராம இருக்கும். 'ங்ங்...'னு ஹம் வந்தா உடனே ஆம்பைத் திட்டாதீங்க. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா குற்றவாளி சார்ஜர், இல்லைன்னா உங்க வீட்டு எர்த்.

இசிஇ, ட்ரிபிள்இ மக்களே, கட்டியும் பார்க்கலாம். சூ மோய்ங்கறவர் 1990-களோட கடைசியில வெளியிட்ட 'சிமோய்' சர்க்யூட் மிட்டாய் டப்பாவுக்குள்ள அடங்கிடும். 9 வோல்ட் பேட்டரி, ஓபிஏ 2134 மாதிரி ஒரு ஆப்-ஆம்ப், கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு ரவுண்டு போனா முடிஞ்சது. 2011-ல பேரே சொல்லாத ஒரு இன்ஜினீயர் 'ஓ2'ன்னு ஒரு ஆம்போட மொத்த டிசைனையும், அளந்த ரிசல்ட்டோட இலவசமா வெளியிட்டார். அவுட்புட் இம்பீடன்ஸ் அரை ஓம் சொச்சம்தான். 2012-க்கு அப்புறம் ஆளையே காணோம். ஆனா அவர் ஆம்ப் இன்னும் பாடிட்டு இருக்கு!

கட்டினதும் ஹெட்போனைச் சொருகிடாதீங்க. மல்டிமீட்டரை அவுட்புட்ல வச்சு டிசி எவ்வளவுன்னு பாருங்க. 20 மில்லிவோல்ட்டுக்கு மேலே காட்டினா எங்கேயோ தப்பு. டிசி ரொம்ப அதிகமா இருந்து அப்படியே மாட்டினா ஹெட்போன் காயில் போயிடலாம்.

ஆக வரிசை இதுதான் மக்களே. முதல்ல வெளிச்சத்தத்தை அடைங்க. அப்புறம் பிடிச்ச ஹெட்போனைத் தேடுங்க. அப்புறம் கணக்கு. பத்தலைன்னா மட்டும் கடைசியா ஆம்ப். எதை வாங்கினாலும் வால்யூம் குமிழ் மேலே ஒரு கண்ணு இருக்கட்டும். காதுக்குள்ள சத்தத்தை வாங்கற நுண்ணிய முடி செல்கள் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000. செத்தா திரும்ப முளைக்காது. மோட்டார் புகைஞ்சா சேலத்துல எந்தத் தெருவுலயும் காயில் கட்டித் தருவாங்க... காதுக்கு ரீவைண்டிங் கடை எங்கேயும் இல்லை பாஸ்!