சுவரில் சில வரிகள்

அலங்காரம் என்ற சொல்லை நம்மில் பலர் ஐயத்துடனேயே கையாளுகிறோம். ஒரு கவிதையைக் குறை சொல்ல 'வெறும் அலங்காரம்' என்றால் போதும்; மேற்கொண்டு விளக்கம் தேவைப்படுவதில்லை. உள்ளே சரக்கில்லாதவன்தான் வெளியே பூசி மறைப்பான் என்று நானும் இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரொன்றில் பட்டைகள் தீட்டினோம். அதன்பின் அக்கருத்தை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டை வேண்டும் என்றவள் மகள். வெள்ளையும் காவியும் மாறி மாறி, மேலிருந்து கீழாக. எங்களுக்கு வழக்கமாக வண்ணமடிக்கும் பெரியவர் கேட்டதுமே தயங்கினார். "கோயில் மதில் மாதிரி ஆயிரும் சார். ஒரே கலரா அடிச்சு விட்ருவோம்" என்றார். உறவினர்களும் அதையே சொன்னார்கள். வீதியில் நின்று பார்த்தால் மங்கலமாகத் தெரிவது வீட்டுக்குள் வந்தால் ஏன் உறுத்த வேண்டும்?

நம் மொழிக்கு இந்த உறுத்தல் இல்லை. வேங்கையின் உடலில் இருப்பதும் வரி, ஏட்டில் எழுதுவதும் வரி. கானல் வரி என்று பாடலுக்கும் அதுவே பெயர். (நகராட்சிக்குக் கட்டுவதும் வரிதான், அதை இங்கே விட்டுவிடுவோம்.) அணி என்றாலும் அழகு, வரிசை என்று இரு பொருளும் உண்டு. உள்சுவரை ஒப்பனை செய்வதும் நமக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் அரசியின் இருப்பிடம் வெள்ளி போன்ற சுதையும், செம்பால் செய்தது போன்ற சுவரும், அதில் எழுதிய பூங்கொடியுமாக விரிகிறது. வெளியே வாடைக்காற்று, உள்ளே தலைவனைப் பிரிந்த துயரம். அந்தச் சுவரழகு அவள் துயரை மறைக்கவில்லை. இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. பாடம் நடத்தும்போது இதை நான் பலமுறை கடந்து சென்றிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை.

வேலை எளிதாக இல்லை. சுவரின் நீளம் 12 அடி, அதாவது 144 அங்குலம். இரு மூலைகளிலும் ஒரே நிறம் வர வேண்டுமானால் பட்டைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். எனவே 16 அங்குல அகலத்தில் ஒன்பது பட்டைகள்: ஐந்து வெள்ளை, நான்கு காவி. முதலில் சுவர் முழுவதும் வெள்ளையடித்து ஒரு நாளுக்கு மேல் காயவிட்டோம். பிறகு தூக்குக்குண்டு பிடித்துப் பென்சிலால் கோடிட்டு, காவிப் பட்டைகளின் ஓரங்களில் காகித ஒட்டுநாடா ஒட்டினோம். 1925இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் இரு வண்ணக் கார்களுக்கு வண்ணமடிப்பவர்களுக்காக உருவாக்கிய பொருள் இது. நாடாவின் ஓரத்தில் மீண்டும் அதே வெள்ளையைப் பூசி அடைத்த பின்பே காவியைப் பூச வேண்டும் என்பது பெரியவரின் பாடம். கசிவதானால் வெள்ளைதான் வெள்ளையில் கசியும். நாடாவைக் காவி முழுதும் காய்வதற்குள் சாய்வாக இழுத்து உரிக்க வேண்டும். காய்ந்துவிட்டால் வண்ணமும் கூடவே பெயர்ந்து வரும்.

கோடிட்டபோதே வலது மூலை எங்களைத் திகைக்க வைத்திருந்தது. தூக்குக்குண்டின் நூலுக்கும் மூலைக்கும் இடையே மேலே 16 அங்குலம், கீழே பதினைந்தரை. சுவர் சாய்ந்திருந்தது. பத்து ஆண்டுகளாக அந்தச் சுவரில் சாய்ந்தமர்ந்துதான் நான் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், ஒருநாளும் தெரிந்ததில்லை. பெரியவர் மெல்லச் சிரித்தார். "கோடு போட்டா கோணல் தெரிஞ்சுரும் சார். அதான் முதல்லயே வேண்டாம்னேன்."

அவர் சொன்ன கோயில் மதில் ஒரு மரியாதைக்கான காரணம். இதுதான் மெய்யான காரணம். குறையை மறைப்பது அலங்காரம் என்றல்லவா நான் கற்பித்து வந்தேன்? இங்கே குறையை மறைத்தது வெறும் வெள்ளைச் சுவர். காட்டிக் கொடுத்தது பட்டை. யாப்பும் அப்படித்தான் எனத் தோன்றுகிறது. வெண்பாவில் ஒரு சீர் பிசகினால் தளை தட்டுவது உடனே காதில் விழும். கட்டற்ற வரிகளில் அதே அளவு சோம்பல் எத்தனை பக்கங்களுக்கு வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம். புதுக்கவிதைக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. நான் விரும்பிப் படிப்பது அதைத்தான். எளிமை என்பதாலேயே ஒன்று நேர்மையாகிவிடாது என்று மட்டும் சொல்கிறேன்.

எல்லா அலங்காரத்துக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. கொத்து வேலையின் விரிசலை மறைக்க ஒட்டப்படும் பூப்போட்ட தாள்களையும், கருத்தின் விரிசலை மறைக்க அடுக்கப்படும் உவமைகளையும் நானும் பார்த்திருக்கிறேன். அளவுக்குக் கட்டுப்படுகிறதா, இல்லையா என்பதே கேள்வி. அளவுக்குக் கட்டுப்படும் அணி தன் பிழையையும் சேர்த்தே நம் முன் வைக்கிறது.

அந்த அரை அங்குலத்தை ஒன்பது பட்டைகளுக்கும் பங்கிட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று பெரியவர் ஒரு வழி சொன்னார். நல்ல வழிதான், என் மனமும் அதன் பக்கமே சாய்ந்தது. மகள்தான் ஒப்பவில்லை. எட்டுப் பட்டைகள் குண்டுநூலுக்கு நேராக நிற்கின்றன. ஒன்பதாவது கீழே போகப் போகக் குறுகுகிறது. வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சுவர் கோணல் என்று சொல்லிவிடுகிறோம்.